செடியின் பெயரைச் செவ்வனே அறிவோம்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏரிக்கரையில் முளைத்த ஒரு செடியின் பெயரைச் சொல்லவும் கணிப்பொறி வேண்டுமா என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நம் பாட்டன்மார் காலத்தில் அது வேண்டியிருக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் அறிந்திருந்தவற்றுள் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை, அவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். ஊரிலுள்ள மரஞ்செடிகொடிகளையும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்துள்ளவற்றையும் பதிவேட்டில் எழுதி வைப்பது அக்குழுவின் கடமை. ஊர்ப் பெயர் மட்டும் அதற்குப் போதாது. ஒரே செடிக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் வேறுபடும்; ஒரே பெயர் இரு செடிகளுக்கும் வழங்கும். எனவே தாவரவியல் பெயரும் அவசியமாகிறது.

முற்காலத்தில் இதற்குக் கற்றறிந்தோரையே நாட வேண்டியிருந்தது. 1915-இல் காம்பிள் தொடங்கி, அவருக்குப் பின் பிஷர் 1936-இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் இன்றும் போற்றத்தக்கது. எனினும் பயிற்சியில்லாதவர் அதைப் புரட்டிப் பெயர் காண்பது எளிதன்று. இன்று பிரான்சு நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய ‘பிளான்ட்நெட்’ போன்ற மென்பொருள்கள் இவ்வேலையை எளிதாக்கியுள்ளன. 2013 முதல் அது கைபேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. இணைய இணைப்புள்ள பஞ்சாயத்து அலுவலகக் கணிப்பொறியிலும் அதைக் கட்டணமின்றி உபயோகிக்கலாம்.

இயக்கும் முறை

ஒரே செடியின் இலை, பூ, காய், பட்டை ஆகியவற்றைத் தனித்தனியே, தெளிவாக, அருகிலிருந்து படமெடுக்க வேண்டும். இரு செடிகள் ஒரே படத்தில் கலக்கலாகாது. படங்களைக் கணிப்பொறியில் ஏற்றி, இன்னது இலை, இன்னது பூ என்று குறித்து அனுப்பினால், மென்பொருள் தன்னிடமுள்ள இலட்சக்கணக்கான படங்களால் பெற்ற பயிற்சியைக் கொண்டு சில பெயர்களை வரிசைப்படுத்தித் தரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு விழுக்காடும் இருக்கும். அது ஊகத்தின் அளவே, தீர்ப்பன்று. முதற்பெயரை அப்படியே எழுதிவிடாமல், அங்கே காட்டப்படும் படங்களோடு கையிலுள்ள செடியை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

புதுப்பித்தல்

கணிப்பொறியில் இணைய உலாவி வழியே பார்க்கும்போது, புதிய செடிகளும் திருத்தங்களும் மென்பொருள் நிலையத்திலேயே சேர்க்கப்படுகின்றன. நாம் புதுப்பிக்க வேண்டியது உலாவியையும் இயக்குதளத்தையுமே. விண்டோஸ் 7-க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரியில் நின்றன. குரோம் உலாவியும் 2023 முதல் அதில் புதுப்பிக்கப்படுவதில்லை. அத்தகைய பழைய பொறிகளை வைத்திருக்கும் பஞ்சாயத்துகள் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கைபேசிச் செயலியை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளலாம். எதைப் புதுப்பிக்கும் முன்பும் பதிவேட்டின் படியொன்றைத் தனியே எடுத்து வைப்பது நலம்.

பெயர்களும் மாறுகின்றன என்பதை மறத்தலாகாது. கருவேல மரத்தை ‘அக்கேசியா நிலோட்டிகா’ என்று படித்தோம். இன்று அது ‘வாக்கெல்லியா நிலோட்டிகா’. சீமைக் கருவேலத்தை ‘புரோசோபிஸ் ஜூலிபுளோரா’ என்றனர். 2022-இல் ‘நெல்டுமா ஜூலிபுளோரா’ என்று மாற்றினர். இதை அறியாதவர் ஒரே மரத்தை இரண்டாகப் பதிந்துவிடுவர். ஆகவே புதுப்பெயரை எழுதி, பக்கத்தில் பழம்பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதுக.

நாம் கற்ற பாடம்

நமது ஒன்றியத்துப் பஞ்சாயத்து ஒன்றில் நேர்ந்ததை மறைக்காமல் கூறுகிறோம். வாய்க்கால் ஓரத்துச் செடியொன்றை மேலிருந்து மட்டும் படமெடுத்தனர். மென்பொருள் கீழாநெல்லியை முதலில் காட்டியது. எழுத்தர் அதை எழுத, நாமும் அவசரத்தில் கையொப்பமிட்டோம். பக்கத்தைப் படித்துக் காட்டியபோது, ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர், “இலையைத் திருப்பிப் பாத்தீங்களா ஐயா?” என்று கேட்டார். திருப்பினோம். கீழாநெல்லியின் காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்கும். இதிலோ காம்பே இல்லை. காய் சொரசொரப்பாய்ச் சிவந்திருந்தது. அது சிவப்புக் கீழாநெல்லி என்னும் வேறு இனம். இலையின் அடிப்புறத்தைப் படமெடுத்து அனுப்பியதும் மென்பொருளும் வரிசையை மாற்றிக்கொண்டது. நாம் நம் கையாலேயே அப்பக்கத்தை அடித்துத் திருத்தினோம்.

மஞ்சள் காமாலைக்கு மக்கள் தேடும் மூலிகை அது. பதிவேட்டை நம்பி ஒருவர் பறிக்கச் செல்வாராயின், அப்பிழைக்கு யார் பொறுப்பு? பொறி பொறுப்பேற்காது, கையொப்பமிட்டவரே ஏற்க வேண்டும். மென்பொருள் சொன்ன பெயரை மட்டும் நம்பி எச்செடியையும் உண்ணவோ, மருந்தாக்கவோ, கால்நடைக்கு இடவோ கூடாது.

எனவே ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கணிப்பொறி அறிந்த இளைஞர் ஒருவரையும், செடியறிந்த முதியவர் ஒருவரையும் சேர்த்து அமர்த்துமாறு வேண்டுகிறோம். பொறி பெயர்களை முன்வைக்கட்டும். முதியவர் செடியைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும். இருவரும் ஒப்பியதையே பதிவேட்டில் எழுதுங்கள். ஒப்பாததை ஐயம் என்று குறித்து, பூக்கும் பருவம் வரை காத்திருங்கள். பதிவேடு தாமதமாகலாம்; தவறாகலாகாது.