நமக்குப் பதிலாக வாக்களிப்பவர்கள்
(கண்டியில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் நாம் கை உயர்த்தித் தலைவரைத் தெரிவு செய்கிறோம். பிறகு தலைவர்கள் கூடி மாவட்டப் பிரதிநிதியைத் தெரிவு செய்கிறார்கள். அங்கே அவர் யாரை ஆதரித்தார் என்று திரும்பி வந்ததும் கேட்கிறோம், சில வேளை சத்தமாகவே!

ஜனாதிபதித் தெரிவிலும் இப்படி ஒரு வழி இருக்கிறது. பதவி இடையில் வெறுமையானால், அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரைப்படி, எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்றமே ஒருவரைத் தெரிவு செய்யும். 1993 மே மாதம் பிரேமதாச கொல்லப்பட்ட பின் டி.பி. விஜேதுங்க போட்டியின்றி வந்தார். 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ஷ விலகியபோது போட்டி இருந்தது. நாம் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற நாட்கள் அவை. ஜூலை 20ஆம் திகதி 223 உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரவுக்கு 3. நான்கு சீட்டுகள் செல்லுபடியாகவில்லை. சட்டம் இயற்றுபவர்களே சீட்டைப் பழுதாக்குகிறார்கள். நம் பாட்டிமாரை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

அது இரகசிய வாக்கெடுப்பு. நாம் அனுப்பியவர் யாருக்குப் போட்டார் என்பது அவர் சொன்னால்தான் தெரியும். அமெரிக்காவிலும் தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் வாக்காளர்களைச் சட்டசபையே நியமித்தது. தென் கரோலினாவில் 1860 வரை அப்படித்தான்.

நமக்கு இது கூடுதலாக உறுத்துகிறது. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பக்கத்து நாவலப்பிட்டியில் வென்றவர் கே. இராஜலிங்கம். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1982இல் நாடு முதன்முதலாக நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோதும் நம்மவர் பெருந்தொகையானோர் நாடற்றவர்களாக ஒதுங்கி நின்றார்கள். மிச்சமிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. இத்தனை காலம் காத்திருந்து வாங்கிய வாக்கை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, அவர் அதை என்ன செய்வார் என்று கேட்காமல் இருக்கலாமா?

ஆகவே இனி வாக்குக் கேட்டு லயத்துக்கு வரும் வேட்பாளரிடம் ரோட்டையும் தண்ணீரையும் கேட்பதோடு இதையும் கேட்போம்: நாளை ஜனாதிபதி பதவி வெறுமையானால், யாரை ஆதரிப்பது என்று எங்களிடம் வந்து பேசுவீர்களா? போட்ட பிறகு வெளியே சொல்வீர்களா? சொல்லும் பதிலைக் கமிட்டிக் கூட்டக் குறிப்பில் எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியைக் கண்டிக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.