உபகாரச் சம்பள நிதியும் அதன் பயனை அளக்கும் வழியும்
(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வி நிதியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசி அவர்கள் நம்மைப் பணித்தார்கள். சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்ற மாணாக்கரில் ஏறக்குறைய யாவரும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறினர் என்று ஆண்டுதோறும் அறிக்கையில் எழுதி, நம்மை நாமே மெச்சிக்கொண்டு வந்திருக்கிறோம். அவ்வாக்கியத்தில் பொய் இல்லை. ஆயினும் கல்விக் குழுவின் சென்ற கூட்டத்தில் இளம் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "நம் பணத்தைப் பெறாத பிள்ளைகளில் எத்தனை பேர் தேறினார்கள்?" என்று வினவியபோது, நம்மில் ஒருவருக்கும் விடை கூற இயலவில்லை. ஊரார் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேறுகின்ற பரீட்சையில் நம் பிள்ளைகளும் தேறுவது நிதியின் பயன்தானா, அன்றி நிதி இல்லாமலே நிகழக்கூடியதுதானா? இன்று நாம் பேச வந்தது இவ்வொரு வினாவைப் பற்றியே.

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இவ்விஷயம் முற்றும் புதிதன்று. திருநள்ளாற்றிலும் நெடுங்காட்டிலும் நெல் வயல் உடையவர்கள் பயிர் அறுவடைச் சோதனையை அறிவார்கள். ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் கயிறிட்டு, அதற்குள் விளைந்த கதிரை அறுத்து, அடித்து, நிறுத்து, அதைக்கொண்டு ஊர் முழுவதன் விளைச்சலையும் மதிப்பிடுகிறார்கள். பயிர்க் காப்பீட்டுத் தொகை வருவதும் வராததும் அந்நிறையைப் பொறுத்திருக்கிறது. எந்த வயல் என்பதை அதிகாரியின் விருப்பத்திற்கு விடாமல், சீட்டுப் போட்டதுபோல் குறிப்பதே விதி. விருப்பத்திற்கு விட்டால் கால் போகுமிடம் சாலையோரத்து நல்ல வயலாகத்தான் இருக்கும். இம்முறையை வளர்த்த அறிஞர்களுள் வங்காளத்து மகாலனோபிஸ் மிகச் சிறிய துண்டுகளை அறுத்தால் போதும் என்றார். சுகாத்மே என்பவரோ 1940களில், துண்டு மிகச் சிறிதாகும்போது விளிம்பில் நிற்கும் பயிரும் உள்ளே சேர்க்கப்பட்டு விளைச்சல் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும் என்று காட்டினார். அளக்கும் கருவியே அளவைத் திரிக்கும் என்று அவர் காட்டியது நமக்கும் பொருந்தும். நமது ஆண்டறிக்கையில் படத்துடன் வரும் பிள்ளைகள் சாலையோரத்து வயல்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அது மூடிக் கிடக்கவில்லை. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2012இல் மத்திய அரசு தன் இலாகாக்களின் புள்ளிவிவரங்களை யாவரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஒரு பொது மேடை அமைத்தது. பள்ளிதோறும் எத்தனை ஆசிரியர், எத்தனை மாணாக்கர், எத்தனை வகுப்பறை என்பதை யூடைஸ் என்னும் பதிவேட்டில் காணலாம். காரைக்கால் மாவட்டத்தின் ஜனத்தொகை 2001இல் 1,70,791 ஆக இருந்து 2011இல் 2,00,222 ஆயிற்று என்பதை அறிய எவரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் எண் கையில் இருப்பதனாலேயே ஒப்பிட்டுவிட முடியாது. நம் ஊர் அரசுப் பள்ளி மாணாக்கர் 2024 வரையில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின்படி பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினர். 2025 முதல் எழுதுவது சி.பி.எஸ்.இ. பரீட்சை. தனியார் பள்ளிகளில் பல பழைய முறையிலேயே நிற்கின்றன. இதனை மறந்து, முந்திய ஆண்டின் தேர்ச்சியையும் பிந்திய ஆண்டின் தேர்ச்சியையும் ஒரே வரிசையில் அடுக்கினால், மரக்காலால் அளந்த நெல்லையும் கிலோவில் நிறுத்த நெல்லையும் எண்ணால் கூட்டியது போலாகும். மேலும், இருபது பேருக்குச் சம்பளம் கொடுத்தால் ஒரு பிள்ளை தவறுவது நூற்றுக்கு ஐந்தாகிவிடும். அவ்வொரு பிள்ளைக்குப் பரீட்சை நாளில் காய்ச்சல் கண்டிருக்கலாம். ஆதலால் ஓர் ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு மகிழ்வதும் வருந்துவதும் வீண்.

நம் சமூகத்தாருடைய தொகைதான் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் ஜாதிவாரியாக விரிவான கணக்கு கடைசியாக எடுக்கப்பட்டது 1931இல். காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதிதான் இந்தியாவுடன் இணைந்தது. ஆகவே அந்தப் பழைய அட்டவணையிலும் நமக்கு இடமில்லை. மேடைதோறும் நாம் சொல்லிவரும் தொகை யாவும் ஊகமே. 2027 மார்ச் 1ஆம் தேதியைக் குறிப்பு நாளாகக் கொண்டு, ஜாதியையும் சேர்த்துக் கணக்கெடுக்கப்படும் என்று அரசு 2025 ஜூனில் அறிவித்தது. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில், ஒரு வகுப்பினருக்கு 2021இல் சட்டமூலம் கொடுத்த 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டை, உயர் நீதிமன்றத்தைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றமும் 2022 மார்ச் 31 அன்று செல்லாது என்றது. பழைய கணக்கை நம்பியதும், பிறரோடு ஒப்பிட்டுப் பின்தங்கிய நிலையை ஆராயாததும் அங்கே குறைகளாகக் கூறப்பட்டன. அத்தீர்ப்பின் நியாயத்தை விவாதிப்பது நம் நோக்கமன்று. ஒப்பிடாத எண்ணுக்கு நீதிமன்றத்தில் கதி அதுவாயின், நம் ஆண்டறிக்கையில் மாத்திரம் அதற்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

இதுபற்றிக் குழு செய்துள்ள யோசனை இது. தேர்ச்சியை அளவாகக் கொள்ளாமல், சம்பளம் பெற்ற பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, இடையில் நில்லாது படிப்பை முடித்ததா என்பதையே அளவாகக் கொள்ளலாம். தேர்ச்சியை மட்டும் எண்ணினால், எப்படியும் தேறிவிடும் பிள்ளைகளையே பொறுக்கி எடுக்கத் தோன்றும். வலையை விட்டும் ஏரை விட்டும் படிக்க வந்த பிள்ளை வெளியே நிற்கும். வறுமை மிகுந்தோருக்கு முதலில் கொடுத்துவிட்டு, ஒரே நிலையில் உள்ள விண்ணப்பங்கள் பணத்தைவிட அதிகமாக எஞ்சினால், அவர்களுக்குள் சீட்டுப் போட வேண்டும். சம்பளம் கிட்டியவர், கிட்டாதவர் ஆகிய இருதிறத்தாரையும் அவர்தம் இசைவுடன் ஐந்து ஆண்டுகள் விசாரித்து வரவேண்டும். விசாரணையில் எவர் பெயரும் அச்சாகாது.

சீட்டு என்றதும் பெரியவர்கள் சிலர் முகஞ்சுளித்தார்கள். "பிள்ளைகளின் வாழ்வை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவதா?" என்றார் ஒருவர். சோழர் காலத்தில் உத்தரமேரூர்ச் சபைக்கே குடவோலையால் ஆள் எடுத்தார்கள் என்பதை அவருக்கு நினைவூட்டினோம். அவர் மனம் முழுதும் ஆறவில்லை. அவருடைய வருத்தம் நியாயமானதே. கொடுக்க முடியாத பிள்ளையின் முகத்தை எந்தக் கணக்கும் மறைத்துவிடாது. ஆனால் இன்னார் மகன், இன்னார் பேத்தி என்று பார்த்து நாமே பொறுக்கி எடுத்த நாட்களில் அப்பிள்ளைகளின் முகத்தை எத்தனை முறை நினைத்தோம் என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஐந்து ஆண்டு முடிவில் நிதியால் வித்தியாசம் ஏதும் விளையவில்லை என்று தெரிந்தால், அதையும் இப்பத்திரிகையிலேயே அச்சிடக் குழு கடமைப்பட்டிருக்கும். அதன் பிறகு பணத்தைப் பஸ் கட்டணத்திற்கும் விடுதிச் செலவிற்கும் திருப்புவதா என்பதைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதுகாறும் சம்பளம் பெற்றோரின் பெயர்ப் புத்தகங்கள் சங்கக் காரியாலயத்தில் முழுமையாக இல்லை. முன்னாள் பொக்கிஷதாரர்களின் வீட்டுப் பெட்டிகளில் சில இருக்கக்கூடும். பரணில் கிடந்தாலும், கறையான் அரித்திருந்தாலும், அவற்றை எடுத்துவந்து காரியதரிசியிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.