பொருள் கேட்டபின் ஒப்பமிடுங்கள்



பாடசாலை நீட்டும் தாளில் "விசேட கல்வி அலகு" என்றிருந்தால், உங்கள் பிள்ளை அப்பாடசாலைக்குள்ளேயே தனிவகுப்பில் இருத்தப்படும் என்பது பொருள். "உட்படுத்தல் கல்வி" என்றால், ஏனைய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில், வேண்டிய உதவியுடன் கற்கும். காணி உறுதியில் எல்லையை வாசிப்பியாது ஒப்பமிடும் கமக்காரர் உண்டோ? இத்தாளுக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

"கற்றல் இடர்பாடு" என்று வைத்தியர் எழுதினால் அஞ்சற்க. வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ தடங்கல் என்பதே அதன் கருத்து, புத்திக்குறைவு அன்று. படித்தவர்களும் இதிலே தடுமாறுகின்றனர்.

"இடமில்லை" என்று அதிபர் கூறின், காரணத்தை எழுத்திலே கேளுங்கள். வலுவிழந்தவர் என்பதற்காகக் கல்வி நிலைய அனுமதியில் பாரபட்சம் காட்டலாகாதென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் 23 ஆம் பிரிவிலே விதிக்கிறது. மீறினால், மாகாண மேல் நீதிமன்றத்தில் பரிகாரம் கோரலாம்.