குழுத் தலைவி

பிள்ளையின் ரேங்க் கார்டுக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் தயங்கி நின்ற அம்மா, இன்று அதே அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக உட்காரலாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தந்த குழு அது. பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022 மறுகட்டமைப்பில் 20 பேரில் 15 பேர் பெற்றோராக இருந்தார்கள். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டும் உறுப்பினர்; தலைவர் அல்ல.

கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லையா? தண்ணீர்த் தொட்டி கழுவி எத்தனை நாளாச்சு? தீர்மானமாக எழுதலாம். வந்த மானியத்துக்குக் கணக்கும் கேட்கலாம். ஆனால் சில ஊர்களில் கூட்டம் நடக்காது, தீர்மான நோட்டு மட்டும் வீடு தேடி வரும், கையெழுத்துக்கு! அப்படி வந்தால், படிச்சுப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீங்க.