முதல் பெயர் விடுபட்ட கதை

(நமது அறக்கட்டளையின் இலவசக் கணினிப் பயிற்சி வகுப்பில் புதிய அணி மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்தபோது செயலாளர் ஆற்றிய உரை)

 

எண்ணுவது நமக்குப் புதிதல்ல. தொழுகை முடிந்ததும் விரல் மடக்கி 33 முறை தஸ்பீஹ் ஓதுகிறோம். தவாஃபில் கஅபாவை ஏழு முறை சுற்றுகிறோம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து, குறித்த எண்ணிக்கை வந்ததும் நிறுத்துகிறோம். கணினி நிரல் எழுதுவோர் இதையே 'லூப்' என்கிறார்கள். நாம் அதைச் சுற்று என்று சொல்லலாம். ஜாவாஸ்கிரிப்ட் பாடத்தில் மூன்றாம் வாரமே இது வந்துவிடும். இன்று அதைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் பாடம் மட்டுமல்ல. நம் கையால் நடந்த ஒரு தவறும்தான்.

ஜாவாஸ்கிரிப்ட் 1995-ல் பிரெண்டன் ஐக் என்பவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கிய மொழி. முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார் என்பார்கள். இன்று நம் கைப்பேசியில் திறக்கும் இணையப் பக்கங்களில் பெரும்பாலானவை இதைக் கொண்டே இயங்குகின்றன. அதில் எண்ணும் சுற்றை இப்படி எழுதுவார்கள்:

ஃபார் (லெட் ஐ = 0; ஐ < 120; ஐ++)

அடைப்புக்குறிக்குள் மூன்று பகுதிகள், நடுவே அரைப்புள்ளி. முதல் பகுதி, எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்று சொல்கிறது. இரண்டாவது, எதுவரை தொடர்வது என்ற நிபந்தனை. மூன்றாவது, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணை எவ்வளவு கூட்டுவது என்பது. இரண்டு கூட்டல் குறி போட்டால் ஒன்று கூடும். இதற்குக் கீழே எழுதும் வேலை 120 முறை நடக்கும். 120 கூப்பன் அச்சிட 120 வரி எழுத வேண்டியதில்லை. மூன்று வரி போதும்.

ஏன் 0-விலிருந்து தொடங்க வேண்டும்? ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு பட்டியலின் முதல் பெயருக்கு எண் 0. இரண்டாவது பெயருக்கு 1. ஆகவே 120 பெயர் உள்ள பட்டியலில் கடைசிப் பெயரின் எண் 119. நம் பேரேட்டில் வரிசை எண் 1-ல் தொடங்கும். இங்கே 0-வில் தொடங்கும். நாம் தவறியது இந்த இடத்தில்தான்.

சென்ற ரமளானில் ஃபித்ரா அரிசி பெறும் குடும்பங்களின் பட்டியலை முதன்முறையாகக் கணினியில் ஏற்றினோம். குடும்பங்கள் 120. கூப்பன் அச்சிட நம் மாணவர்களே ஒரு பக்கம் தயாரித்தார்கள். அதில் ஐ என்பது 0-வுக்குப் பதில் 1-ல் தொடங்கியது. விளைவு? முதல் பெயர் அச்சாகவில்லை. கூப்பனில் ஐ-யின் மதிப்பையே வரிசை எண்ணாகப் போட்டிருந்ததால், கையில் வந்த முதல் கூப்பனில் '1' என்றே இருந்தது. பார்க்க எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கடைசிக் கூப்பனில் 119 என்று இருந்ததை யாரும் பேரேட்டின் 120-உடன் ஒப்பிடவில்லை. விநியோகம் முடிந்தபின் ஒரு பை மீதம் இருந்தது. கடைக்காரர் கூடுதலாக ஒன்று அனுப்பியிருப்பார் என்று ஓரமாக வைத்தோம்.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. விடுபட்டவர் தனியாக வாழும் ஒரு மூதாட்டி. பையைத் தூக்கிக்கொண்டு போய், "உம்மா, தப்பு எங்க மேலதான், மன்னிச்சிடுங்க" என்றோம். "அதனால என்ன தம்பி, என்னைவிடக் கஷ்டப்படுறவங்க யாருக்காவது கொடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்கள். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் பதில் இல்லை. ஃபித்ரா பெருநாள் தொழுகைக்கு முன் உரியவரிடம் சேர வேண்டியது. அரிசியைப் பிறகு கொடுத்துவிட்டோம். அந்தப் பெருநாள் காலையைத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சரிபார்க்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. கணினி பிழை செய்யாது என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டோம். கணினி சொன்னதைச் செய்தது. நாம் சொன்னதுதான் தவறு.

எண்ணும் சுற்றில் வரும் மற்ற பிழைகளையும் இங்கே சொல்லி வைக்கிறோம். நிபந்தனையில் 'குறைவு' என்பதற்குப் பதில் 'குறைவு அல்லது சமம்' என்று போட்டால் ஒரு சுற்று அதிகமாக ஓடும். 121-ஆவது கூப்பனில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்டிஃபைன்ட்' என்று அச்சாகும். மூன்றாம் பகுதியை எழுத மறந்தால் ஐ எப்போதும் 0-வாகவே இருக்கும். சுற்று நிற்காது, பக்கம் உறைந்துவிடும். பக்கத்தில் உள்ள பெட்டியில் தட்டச்சு செய்யும் எண் நிரலுக்கு எழுத்தாகவே வந்து சேரும். 120-உடன் 1 கூட்டினால் 121 வராது, 1201 என்று ஒட்டிக்கொள்ளும். முதலில் அதை எண்ணாக மாற்ற வேண்டும். 120 என்று கையால் எழுதுவதைவிடப் பட்டியலின் நீளத்தையே கேட்டு வாங்குவது நல்லது. நாளை ஒரு குடும்பம் சேர்ந்தாலும் விடுபடாது. 2015-ல் வந்த 'ஃபார் ஆஃப்' என்ற வடிவத்தில் எண்ணவே தேவையில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அதுவே எடுத்துத் தரும்.

ஹஜ், உம்ரா சென்றவர்களுக்கு ஸயீ தெரியும். ஸஃபாவிலிருந்து மர்வா போனால் ஒன்று. மர்வாவிலிருந்து ஸஃபா திரும்பினால் இரண்டு. ஏழாவது மர்வாவில் முடியும். போய் வருவதை ஒன்றென்று எண்ணியவர் பதினான்கு முறை நடந்து ஸஃபாவில் வந்து நிற்பார். எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாலே எண்ணிக்கை சரியா என்று தெரிந்துவிடும். நிரலுக்கும் இது பொருந்தும். தொடங்கிய இடம் சரியா, முடிந்த இடம் சரியா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே இனி நமது அறக்கட்டளையில் எந்தப் பட்டியல் அச்சானாலும் மூன்றைப் பார்த்த பிறகே கையெழுத்திடுவோம்: முதல் பெயர், கடைசிப் பெயர், மொத்த எண்ணிக்கை. ஒருவர் பேரேட்டைப் படிக்க, மற்றவர் கூப்பனைப் பார்க்க வேண்டும். பொருள் ஒன்று மிஞ்சினால் காரணம் தெரியும்வரை விசாரிக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! 'அல்காரிதம்' என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. இந்திய எண்முறையை விளக்கி நூல் எழுதியவர் அவர். அந்த மரபைப் பெருமையாகச் சொல்வது எளிது. உங்கள் நிரலில் ஓடும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்து எழுதுவதுதான் கடினம். அது அமானிதம்.

அந்த மூதாட்டியின் பெயர் இன்றும் நம் பட்டியலில் முதலாவதாகவே இருக்கிறது. அடுத்த ரமளானில், இன்ஷா அல்லாஹ், முதல் கூப்பனை நீங்களே அச்சிட்டு அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.