ஊர்ப் பெருமை யாருடைய பெருமை?

(இத்தலாரில் வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இவ்வூர் வாலிபர்கள் சிலர் நம்மிடம் வந்து, "ஹிப் ஹாப் என்ற பாட்டைப் பெரியவர்கள் வெறும் கூச்சல் என்கிறார்கள். எங்களுக்கோ அதைக் கேட்டால் எங்கள் ஊரைப் பற்றியே பாடவேண்டுமென்று தோன்றுகிறது. உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்கள். நாம் சங்கீத வித்வான் அல்ல. ராகமும் தாளமும் நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு பாட்டு யாருக்கு மானத்தைக் கொடுக்கிறது, யாருடைய மானத்தைப் பறிக்கிறது என்று யோசிக்க வித்வத்து வேண்டியதில்லை. ஆதலால் பேசத் துணிந்தோம்.

நம் நாட்டில் ஊர்ப் பெருமை பாடாத காலமே கிடையாது. ஊருக்கு ஊர் ஸ்தல புராணம் இருக்கிறது. இந்தக் குளத்தில் முழுகினால் பாவம் போகும், இந்தக் கோபுரத்தை இன்ன ராஜா கட்டினான் என்று பாடினார்கள். அந்தக் குளத்தை வெட்டினவன் பெயர் அதில் உண்டா? கல் சுமந்தவன் பெயர் உண்டா? பெயர் இல்லாதது மாத்திரமல்ல, வெட்டினவனை அந்தக் குளத்தில் இறங்கவே விடவில்லை! ஊரென்றும் சேரியென்றும் இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டுப் பாடின பெருமை எந்த ஊரின் பெருமை?

இந்த மலையின் பெருமையும் அப்படித்தான். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இங்கே வந்தார். பின்னால் வெள்ளைக்காரர்கள் கோடைக்கு ஊர் அமைத்துக் கொண்டார்கள். "மலைகளின் அரசி" என்ற பெயரும் வழங்கலாயிற்று. வெயிலுக்குப் பயந்து நாலு நாள் தங்கிப் போகிறவனுக்கு இது அரசிதான். பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்து முதுகில் மூட்டை சுமக்கிற ஸ்திரீயை அரசியென்று யாராவது பாடியிருக்கிறார்களா?

இனி ஹிப் ஹாப்புக்கு வருவோம். அது அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது. அங்கே பெரிய மோட்டார் ரஸ்தா போடுவதற்காக ஏழைகளின் குடியிருப்புகளைப் பிளந்தார்கள். 1970-களில் வீதி வீதியாக வீடுகள் எரிந்தன. பாழ் என்றும் பயங்கரம் என்றும் அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. அங்கே 1973 ஆகஸ்டு 11-ந் தேதி, ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற வாலிபர், தம் சகோதரி நடத்திய விருந்தில் இரண்டு இசைத்தட்டு யந்திரங்களை வைத்து, பாட்டில் கொட்டு முழங்கும் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப நீட்டி ஒலிக்கச் செய்தார். அந்தக் கொட்டுக்கு மேல் எதுகை வைத்துப் பேசுவதே ராப். வீணை வேண்டாம், சபை வேண்டாம், குருகுலம் வேண்டாம். சொல்லுவதற்கு விஷயமும் சொல்ல வாயும் இருந்தால் போதும். ஊரின் பெயரைச் சொல்ல வெட்கப்பட வேண்டியவர்கள் என்று உலகம் நினைத்த அந்தப் பிள்ளைகள், தங்கள் தெருவின் பெயரையே உரக்கச் சொன்னார்கள். இதையே நாம் சுயமரியாதை என்கிறோம்.

அது கடல் தாண்டி வந்தது. பம்பாயில் சந்துகளில் வளர்ந்த டிவைன், நேஸி என்ற இருவர் 2015-ல் தங்கள் சந்தைப் பற்றியே பாடினார்கள். 2018-ல் சென்னையில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு கானாவையும் ராப்பையும் சேர்த்து மேடையேற்றியது. அப்பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? "ஜாதியற்ற தமிழர்" என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து. 1907-ல் "ஒரு பைசாத் தமிழன்" பத்திரிகை நடத்திய அந்தப் பண்டிதர் வளர்ந்தது இந்த நீலகிரியில்தான்! உங்கள் மலையின் பெருமை என்று சொல்லிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு மலையைப் பாருங்கள். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனியின் தர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் கெட்டதென்று தொழிலாளர்கள் பல வருஷம் முறையிட்டார்கள். 2015-ல் சோபியா அஷ்ரப் என்ற பெண்மணி அதை ராப் பாட்டாகப் பாடினார்; உலகமெல்லாம் கேட்டது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. பாட்டே அதைச் செய்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளர்களின் போராட்டம் செய்தது. ஆனால் கேளாத காதுகளைப் பாட்டு திறந்தது.

"இது அந்நிய சங்கீதமாயிற்றே" என்பார்கள். தோழர்களே! தேயிலை எங்கிருந்து வந்தது? உருளைக்கிழங்கு எங்கிருந்து வந்தது? அவை இரண்டும் இல்லாவிட்டால் இந்த மலையில் அடுப்பு எரியுமா? வந்த இடத்தைக் கேட்காதீர்கள். வந்து என்ன விளைகிறது என்று கேளுங்கள்.

விளைவதிலும் களை உண்டு. இதே கொட்டுக்கு மேல் ஸ்திரீகளை இழிவாய்ப் பேசுகிறவன் இருக்கிறான்; ஊர்ப் பெருமையென்று தொடங்கி ஜாதிப் பெருமையில் முடிக்கிறவனும் இருக்கிறான். அது பழைய ஸ்தல புராணத்துக்குப் புதுச் சட்டை போட்டதே தவிர வேறல்ல.

நம்மை அழைத்து உபசரித்தவர்களிடமே ஒன்று சொல்லுகிறோம், கோபிக்க வேண்டாம். இந்த மலை படுகருக்கு ஊர். தோடர், கோத்தர், இருளர், குறும்பருக்கும் ஊர். 1964-ல் இந்திய, இலங்கை சர்க்கார்கள் செய்த ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்டு, சர்க்கார் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வைக்கப்பட்ட தொழிலாளருக்கும் ஊர். 2021-ல் உலகமே பாடிய "எஞ்சாயி எஞ்சாமி"யை எழுதிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளை மனதில் வைத்தே எழுதினார். அப்படிப்பட்ட பாட்டிகள் இந்த மலையிலும் இருக்கிறார்கள். அவர்களை "சிலோன்காரர்" என்று ஒதுக்கிவிட்டு நீங்கள் பாடுவது முழு ஊரின் பாட்டாகுமா?

ஆகவே, வாலிபர்களே! தாராளமாய்ப் பாடுங்கள். தமிழிலும் பாடுங்கள், எழுத்தில்லாத மொழியென்று சிலர் அலட்சியம் செய்யும் உங்கள் தாய்மொழியாம் படுகிலும் பாடுங்கள். பச்சைத் தேயிலைக்கு விலை கேட்கிற சிறு விவசாயியைப் பாடுங்கள். பறிக்கிற தாயின் கூலியைப் பாடுங்கள். அவள் பெயரைச் சொல்லிப் பாடுங்கள். பாட்டில் எவருடைய பெயர் விட்டுப் போயிற்று என்று ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பாருங்கள்.

நாம் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.