பகவானுக்கு ஏன் ஜால்ரா?

(புனேயில் நடந்த ராதா கல்யாண மகோத்ஸவத்தின் முதல் நாள் மாலை நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அரை மணி நேரம் பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் உபந்யாஸகன் இல்லை. 1970-ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு, மத்திய ஸர்க்காரில் 38 வருஷம் கோப்பு பார்த்து ரிடையரானவன். ஸம்ஸ்க்ருதத்தை அதற்குப் பிறகுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சொல்வதில் பிழை இருந்தால், சாஸ்த்ரம் அறிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இன்றைய விஷயத்தை எனக்கு எடுத்துக்கொடுத்தது கமிட்டி இல்லை, என் பேத்தி. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். இரண்டு மாதம் முன்பு இந்த உத்ஸவத்துக்காக நான் ஜால்ராவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்கப்படாது. ஆபீஸ்ல ஜால்ரா போடறவாளைக் கண்டாலே உங்களுக்குப் பிடிக்காதுன்னு அப்பா சொல்லுவா. அப்போ பகவானுக்கு மட்டும் ஏன் ஜால்ரா போடறேள்? நீ பெரியவன், நீ பெரியவன்னு ஆயிரம் தடவை சொன்னாத்தான் அவருக்குத் திருப்தியா? அப்படின்னா அவரும் உங்க பழைய டைரக்டர் மாதிரிதானே?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. கேள்வி பகவானைப் பற்றியது என்றாலும், குத்தியது என்னைத்தான்.

ஆபீஸ் ஜால்ரா எப்படி இருக்கும் என்று உத்யோகம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலதிகாரியின் பெண் போட்ட கோலத்தை ரவிவர்மா படத்துக்கு ஒப்பிட்ட ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஊரோடு ஒரு மாற்றல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஜால்ரா போடுகிறவர்களில் இரண்டே ஜாதி. ஏதாவது கிடைக்க வேண்டும் என்று போடுகிறவர், ஏதாவது போய்விடப் போகிறதே என்று போடுகிறவர்.

என் பக்தியும் ரொம்ப நாள் அந்த ரகம்தான். ப்ரமோஷனுக்கு ஆஞ்சநேயருக்கு வடைமாலை, பிள்ளைக்கு இஞ்ஜினீயரிங் ஸீட்டுக்காகப் பிள்ளையாருக்கு 108 தேங்காய். கிடைத்ததும் ப்ரார்த்தனையை நிறைவேற்றிவிட்டுக் கோப்பை மூடிவிடுவேன். பூஜையில் சந்தோஷம் என்று ஒன்று உண்டா என்று யாராவது கேட்டிருந்தால், பூஜை முடிந்ததுதான் சந்தோஷம் என்று சொல்லியிருப்பேன்.

2016-ல் என் மனைவி படுத்த படுக்கையானாள். ம்ருத்யுஞ்ஜய ஜபம் லக்ஷம் பண்ணுவதென்று ஸங்கல்பம் செய்துகொண்டேன். தினம் 2,000 வீதம் 50 நாள். ஆஸ்பத்திரி அறையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவேன். அவள் கல்யாணத்துக்கு முன்பே அஷ்டபதி பாடக் கற்றுக்கொண்டவள். உடம்பு அத்தனை மோசமான நிலையிலும் ஒரு நாள் மத்தியானம் மெல்லிய குரலில் ஏதோ ஒரு அஷ்டபதியை முனக ஆரம்பித்தாள். கட்டிலின் கம்பியில் ஒரு விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. கொஞ்சம் சும்மா இரு என்று கையமர்த்தினேன். அவளும் நிறுத்திக்கொண்டாள்.

32-ஆம் நாள் போய்விட்டாள். 62,000 ஆகியிருந்தது.

காரியங்களை வாத்யார் சொன்னபடி செய்தேன். அதற்குப் பிறகு புஸ்தகத்தைத் திறக்கவில்லை. காரணம் சொல்லாமல் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்ட ஆபீஸுக்கு இனி எதற்குப் போவது என்ற கோபம். மாட்டுப்பெண் விளக்கேற்றுவாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். இப்படி ஒன்றரை வருஷம்.

திரும்பி வந்ததும் ஞானம் வந்து இல்லை. எதிர் ப்ளாக்கில் இருக்கும் மாமா ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டினார். "பாட வேண்டாம் ஓய். பகவானைக் கும்பிடக்கூட வேண்டாம். தாளம் போட ஆள் இல்லை, வந்து உட்காரும்" என்று ஜால்ராவைக் கையில் திணித்தார். மரியாதைக்குப் போனேன். அங்கே ஒன்று கவனித்தேன். ஜால்ரா போடுகிறவனால் வேறு எதையும் எண்ண முடியாது. கேட்கவும் முடியாது. பாகவதர் துரித காலத்துக்குப் போனால் கூடவே ஓட வேண்டும், அவ்வளவுதான். அஷ்டபதி வந்தபோது கண்ணில் ஜலம் வந்தது. கை நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான், இன்றைக்கு பகவானிடம் எதுவுமே கேட்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரிந்து அது முதல் தடவை.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன்.

வீட்டில் எம்.டி. ராமநாதனின் பழைய ஒலிப்பதிவு ஒன்றை அடிக்கடி கேட்பேன். அவர் 1984-ல் காலமானவர். அறையில் நான் மட்டும்தான். அந்த விளம்ப காலத்தில், கனத்த குரலில் ஒரு ஸஞ்சாரம் வந்து இறங்கும்போது, என்னை அறியாமல் "ஆஹா" என்று வாய் சொல்லிவிடுகிறது. அவர் காதில் அது விழப்போவதில்லை. எனக்கு அவரால் மாற்றலும் கிடைக்காது. அப்படியிருக்க அந்த "ஆஹா" யாருக்கு? ஒன்று நிறைவாக இருக்கிறது. அதை எதிர்கொண்டவனிடமிருந்து அது தானாகவே வருகிறது. சொல்லாமல் அடக்கிக்கொண்டால் கேட்டது பாதிதான் என்று தோன்றுகிறது. ஸ்தோத்ரம் என்பது அந்த "ஆஹா". அது அவருக்குத் தேவையில்லை என்பது ரொம்ப ஸரி. பேத்தி அந்த மட்டும் ஜயித்துவிட்டாள். ஆனால் தேவையா என்பது ஒரு கேள்வி, தகுமா என்பது வேறு கேள்வி.

தகுமா என்று பார்க்க, நான் படித்த பௌதிகத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். காலையில் ஸூர்யனைப் பார்த்து அர்க்யம் விடுகிறோம். நாம் பார்ப்பது சுமார் எட்டேகால் நிமிஷத்துக்கு முந்தைய ஸூர்யன். வெளிச்சம் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது. அந்த ஸூர்யன் ஒவ்வொரு விநாடியும் தன் உடம்பிலிருந்து சுமார் 40 லக்ஷம் டன்னை ஒளியாகவும் உஷ்ணமாகவும் செலவழிக்கிறது. அதில் பூமிக்கு வருவது இருநூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. கணக்குப் போட்டால் விநாடிக்கு இரண்டு கிலோ கூட இல்லை. நாம் மளிகைக் கடையில் வாங்கும் துவரம்பருப்புப் பொட்டலத்தின் எடை! அதில்தான் தஞ்சாவூர் நெல்லும் நாசிக் திராக்ஷையும் விளைகின்றன, ஸமுத்ர ஜலம் மேகமாகிறது, காற்று வீசுகிறது, நீங்களும் நானும் மூச்சுவிடுகிறோம். யாரும் மனு போடவில்லை.

இது பகவான் இருக்கிறார் என்பதற்கு நிரூபணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் பௌதிக ப்ரொபஸர் மேலுலகத்திலிருந்து இறங்கி வந்து மார்க்கைக் குறைத்துவிடுவார். நம்புகிற நமக்கு அது என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். கேட்டது கிடைத்ததா, இல்லையா என்றே வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் கிடைத்ததற்கு நான் கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. நாற்பத்திரண்டு வருஷ தாம்பத்யமும் அந்தக் கணக்கில் வரவேண்டியதுதான்.

சரி, சந்தோஷம் போதுமே, பயபக்தி எதற்கு? இதற்கு நம் தைத்திரீய உபநிஷத்தில் ஓர் ஆச்சர்யமான இடம் இருக்கிறது. ஆனந்தவல்லியின் எட்டாவது அனுவாகம். சிறு வயதில் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அதன் ஆரம்பமே பயம். காற்று வீசுவதும் ஸூர்யன் உதிப்பதும் அவனிடம் உள்ள அச்சத்தால். அக்னியும் இந்த்ரனும் அப்படியே. ஐந்தாவதாக ம்ருத்யுவும் ஓடுகிறான் என்று வருகிறது. இதைச் சொன்ன கையோடு, மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லாமல், இனி ஆனந்தத்தைப் பற்றிய விசாரம் என்று ஆரம்பித்துவிடுகிறது!

அங்கே ஒரு கணக்கு வருகிறது. நல்லவனாக, படித்தவனாக, திடகாத்ரனாக ஓர் இளைஞன். செல்வம் நிறைந்த பூமி முழுவதும் அவனுக்குச் சொந்தம். அவனுடைய ஆனந்தம் ஒரு அலகு. அதைப் போல் நூறு மடங்கு மனுஷ்ய கந்தர்வர்களுக்கு, அதைப் போல் நூறு மடங்கு தேவ கந்தர்வர்களுக்கு என்று ஏறிக்கொண்டே போய், பித்ருக்கள், தேவர்கள், இந்த்ரன், ப்ருஹஸ்பதி, ப்ரஜாபதி எல்லாரையும் தாண்டி ப்ரஹ்மத்தின் ஆனந்தத்தில் முடிகிறது. பத்துப் படி, படிக்கு நூறு மடங்கு. ஒன்று போட்டு இருபது பூஜ்யம். ஒவ்வொரு படியிலும், ஆசையால் அடிபடாத வேதவித்துக்கும் இதே ஆனந்தம் உண்டு என்று மறக்காமல் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. ஆசையால் அடிபடாதவன்! இதை வகுப்பில் படித்த அன்று, ஆஸ்பத்திரி அறை என் கண் முன் வந்தது. ஆசையால் அடிபட்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவன் நாற்காலியில். தாளம் போட்டுக்கொண்டிருந்தவள் கட்டிலில்.

கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு நிலைமை வந்தால் நாளைக்கே மறுபடி ஜபத்துக்கு உட்காருவேன். ஆனால் பாடுகிறவரைக் கையமர்த்த மாட்டேன்.

பயபக்தி என்றால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வது என்று நம்மில் சிலருக்கு எண்ணம். என் தகப்பனார் பூஜையில் உட்கார்ந்தால் வீடே நடுங்கும். ஸ்ரீஜயந்திக்குச் சீடை வெடித்தாலும் எங்களுக்குத்தான் அடி. நிஜமான பயபக்தியை நான் வேறோர் இடத்தில் கண்டேன். 1988-ல் எனக்கு சோலாப்பூரில் உத்யோகம். ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போயிருந்தேன். ஆளந்தியிலிருந்து ஞானேச்வரர் பாதுகையும், தேஹுவிலிருந்து துகாராம் பாதுகையும் பல்லக்கில் புறப்பட்டு, இந்தப் புனே வழியாகச் சுமார் மூன்று வாரம் நடந்து அங்கே போய்ச் சேருகின்றன. கூடவே லக்ஷக்கணக்கில் ஜனங்கள். கழுத்தில் துளசி மணி, கையில் ஜால்ரா. பெண்கள் தலையில் துளசி மாடம்.

சந்த்ரபாகா நதிக்கரையில் இஸ்திரி போட்ட சட்டையும் கைக்கடிகாரமுமாக நின்றுகொண்டிருந்தேன். வயலில் வேலை செய்கிறவர் என்று பார்த்தாலே தெரியும், காலெல்லாம் சேறு, ஒரு கிழவர் ஆடிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்று, "மாவுலி" என்று சொல்லி என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாவுலி என்றால் தாய். வாரகரிகள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்து, ஒருவர் காலை ஒருவர் தொடுவார்கள். பதிலுக்கு நானும் அவர் காலைத் தொட வேண்டும். எனக்கு அது தெரியும். ஜாதி, உத்யோகம், சட்டை எல்லாம் சேர்ந்து என் முதுகை வளையவிடவில்லை. அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே ஆடிக்கொண்டு போய்விட்டார். ஆனந்தமும் பணிவும் ஒரே உடம்பில் இருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஆகிறது; அந்தச் சேற்றுக் கால் கண்ணிலேயே நிற்கிறது.

கோவிலுக்குள் விட்டலன் இடுப்பில் கை வைத்துச் செங்கல் மேல் நிற்கிறான். புண்டலீகன் தாய் தகப்பனுக்குச் சேவை செய்துகொண்டிருந்தபோது பகவான் வந்தாராம். இப்போது வர முடியாது, இதன் மேல் நில் என்று ஒரு செங்கல்லைத் தூக்கிப் போட்டானாம். அவரும் ஏறி நின்றார், இன்னமும் நிற்கிறார் என்பது ஐதிஹ்யம். என் பழைய டைரக்டர் ஐந்து நிமிஷம் நின்றிருக்க மாட்டார். இதைப் பேத்தியிடம் சொன்னபோதுதான் அவள் கொஞ்சம் யோசித்தாள்.

முடிப்பதற்கு முன் ஒரு மனத்தாங்கல். மருதாநல்லூர் ஸத்குரு ஸ்வாமிகள் வகுத்துக் கொடுத்த பஜனை பத்ததி, தோடய மங்களத்திலிருந்து படிப்படியாக ஏறுவது. நம்மில் பாதிப் பேர் இலை போடுகிற நேரம் பார்த்து வருகிறோம். தீபாராதனை நடக்கும்போது செல்போனில் படம் பிடிக்கிறோம். கும்பிடக் கை இல்லை. பின் வரிசையில் வரன் விசாரணை நடக்கிறது. மைக்கை இத்தனை சத்தமாக வைத்தால் பக்கத்துக் கட்டிடத்தில் பரீக்ஷைக்குப் படிக்கிற குழந்தைக்குப் பகவான் மேல் பக்தியா வரும்? நாளைக் காலை உஞ்சவ்ருத்திக்கு வருகிறவர்கள் தயவுசெய்து ஆறரைக்கே வந்துவிடுங்கள். போன வருஷம் பாகவதரும் நானும் இன்னும் நாலு பேரும்தான் புறப்பட்டோம்.

என் பேத்தி இன்னும் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. "யோசிக்கறேன் தாத்தா" என்கிறாள். இன்று வந்திருக்கிறாள், அதோ தூண் ஓரமாக.

திவ்யநாமத்துக்கு நடுவில் விளக்கு வைத்தாகிவிட்டது. பாகவதர் என்னைப் பார்க்கிறார். நான் போய் ஜால்ராவை எடுத்துக்கொள்ள வேண்டும்.